சிப் முதலில், ஊசி பிறகு

ஜனவரி 3, புதன்

கிருபாகரன் ஜெர்மனியில் லைப்சிக் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே மைனஸ் நான்கு டிகிரியாம். இங்கே உறையூரில் பத்து மணிக்கே ஃபேன் போட்டாயிற்று.

விமான நிலையத்தில் உள்ளே போகும்போது, "பாத்துக்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். உன்னைப் பார்த்துக்கொள் என்றாரா, பூனையைப் பார்த்துக்கொள் என்றாரா என்று விளக்கவில்லை. எட்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடவா புரியாது? பூனையைத்தான்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். இந்தியாவிலிருந்து ஒரு பூனை ஜெர்மனிக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் அதன் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்ததா என்று வெளிநாட்டு ஆய்வகத்தில் சோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில், போய் இறங்குவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ். "சிப் முதலில், ஊசி பிறகு" என்பதற்குக் கீழே மட்டும் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு. மே மாதக் கடைசியில் நானும் பூனையும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தச் சிவப்புக் கோடு எனக்குத் தேவையில்லை. பதினோரு வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். குழாயில் பெயரை ஒட்டிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுப்போம். யாருடையது என்று தெரியாத ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிப்பும் அப்படித்தான், பூனைக்கு ஒட்டும் பெயர்ச் சீட்டு. இதைப் போய் எனக்குக் கோடு போட்டுக் காட்டுகிறார்.

ஜனவரி 9, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ கால். அவருக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம்.

"கருவாட்டக் காட்டு."

கருவாடு என்பது பூனையின் பெயர். போன செப்டம்பரில் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு மாதக் குட்டி, எலும்பும் தோலுமாக, காய்ந்து கருத்துக் கிடந்தது. பெயர் வைத்தது அவர்தான். வந்த நாளிலிருந்து என் கால் பக்கம் படுத்தே பழகிவிட்டது.

காட்டினேன். "மெலிஞ்சிடுச்சா?" என்றார். "நல்லா தின்னுது" என்றேன். "சரி, வச்சிடறேன்" என்றார். நானும் மூன்று கிலோ இளைத்திருக்கிறேன். அதை யார் கேட்டார்கள்.

ஜனவரி 24, புதன்

டாக்டர் பெனிட்டாவின் கிளினிக்கில் பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கூடைக்குள் கருவாடு வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தது. ஆட்டோக்காரர், "புள்ளைக்கு என்னக்கா ஒடம்புக்கு?" என்று கேட்டார். ஊசி போட என்றேன்.

டாக்டர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். இனம், நாட்டுப் பூனை. நிறம், கறுப்பு. பிறந்த தேதி?

"தெருவுல கெடந்த குட்டி டாக்டர்."

"பல்லப் பாத்தா போன ஆகஸ்டுன்னு போடலாம். ஏதாவது ஒரு தேதி சொல்லுங்க, கட்டத்த சும்மா விட முடியாது."

"பதினேழு" என்றேன். ஏதாவது ஒரு தேதி சொல்லத்தானே வேண்டும்.

சிப் வைக்கும் ஊசி, சாதாரண ஊசியைவிடத் தடிமன். டாக்டர் அதை உறையிலிருந்து பிரிக்கப் போனார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். புதன், ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை.

"டாக்டர், சிப் மட்டும் இன்னொரு நாள் வச்சுக்கலாமா? ராகு காலம்."

"அப்ப ஊசி?"

"ஊசி பரவால்ல, போட்டுடுங்க. அது ஒடம்புல கரைஞ்சு போயிடும். சிப்பு சாகற வரைக்கும் உள்ளயே இருக்கப் போறதாச்சே."

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வெளிநாட்டுக்குன்னா சிப்பு வச்சுட்டு ஊசி போடறதுதான் முறை. சேர்த்து இன்னொரு நாள் வர்றீங்களா?" என்றார். வந்ததற்கு ஊசியாவது போட்டுவிடுங்கள், லீவு போட்டு வந்திருக்கிறேன் என்றேன். பிடிவாதமாகத்தான் சொன்னேன். போட்டுவிட்டார். வெறிநோய் ஊசி எப்படியும் போட வேண்டியதுதானே.

ஜனவரி 25, வியாழன்

லேபில் இன்று எழுபது பேர். கை ஒடிந்துவிட்டது. கருவாடு சாப்பிட்டது.

ஜனவரி 29, திங்கள்

சிப் வைத்தாயிற்று. நல்ல நேரம் பார்த்துத்தான். சிப்பின் எண் பதினைந்து இலக்கம். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயர், அறிவுக்கொடி. கிருபாதான் இங்கே இல்லையே.

பிப்ரவரி 11, ஞாயிறு

அப்பா வந்திருந்தார். துவாக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு கிலோ சங்கரா மீனோடு. நான் மீன் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் ராகு காலக் கதையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு வந்ததே கோபம்!

"யாரு? எம்பொண்ணா? உனக்கு அறிவுக்கொடின்னு பேரு வச்சது எதுக்கு? ராகு காலம் பாத்து ஒருத்தி பூனைக்கு சிப்பு வைக்கறா! வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அவர் கத்துவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் காலண்டரில் ராகு காலம் போட்ட மூலையைக் கத்தரித்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார். என் கல்யாணத்தையே வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல், வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தார். கிருபாவின் அம்மா மண்டபத்து மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். கிருபா மட்டும் என் காதருகே, "இருபது நிமிஷம் லேட்டா ஆரம்பிச்சாலும் ராகு காலத்துக்குள்ளதான் இருப்போம், பயப்படாத" என்றார். அவ்வளவு கூட்டத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மணப்பெண் சிரிக்கிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா கத்திக்கொண்டே சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது குரல் இறங்கிவிட்டது. "மீனுக்குப் புளி கம்மியா போடு" என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 22, வியாழன்

சென்னையிலிருந்து இம்தியாஸ் பேசினார். வளர்ப்புப் பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட், கிருபா ஏற்பாடு செய்த ஆள். அனுப்பிய தாள்களைப் பார்த்துவிட்டு, "மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஊசி இருபத்தி நாலாம் தேதி, சிப்பு இருபத்தொம்பது. சிப்புக்கு முன்னாடி போட்ட ஊசி செல்லாது மேடம். எந்தப் பூனைக்குப் போட்டாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மறுபடி மொதல்லேந்து வரணும்" என்றார்.

மறுபடி ஊசி. மறுபடி முப்பது நாள். அப்புறம் மூன்று மாதம். மே போய் ஜூலை ஆகிவிடும்.

கிருபாவிடம் சொன்னேன். ராகு காலம் என்று நான் சொன்னதையும் சொன்னேன். திரையில் தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"சரி, பரவால்ல" என்றார். "கருவாட்டக் காட்டு."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கூடையைக் கழுவிக் காய வைத்தேன். ஐந்து வாரம் கூடுதலாகக் கிடைத்ததில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பிப்ரவரி 26, திங்கள்

இரண்டாவது ஊசி. டாக்டர், "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். ஆமாம் டாக்டர், சொன்னீர்கள்.

மார்ச் 28, வியாழன்

ரத்தம் எடுத்தார்கள். முதலில் சிப் எண்ணைக் கருவியால் படித்து, லேபிளில் எழுதி, குழாயில் ஒட்டிவிட்டு அப்புறம்தான் டாக்டர் ஊசியை எடுத்தார். என் வேலையை எனக்கே யாரோ நடித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. நான் கருவாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 28 வரை காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 11, வியாழன்

இன்று கிருபா இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் பூனையைத்தான் கேட்டார். போன வருஷம் இதே நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவர் தொட்டிலுக்கென்று வாங்கி வைத்திருந்த கொக்கியைக் கழற்றினார். நான் சாம்பார் வைத்தேன். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. பேசாமலே இருந்துவிட்டு ஒருநாள் ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். ஓடிப் போகிறவருக்குத் தூரமான ஊர்தான் தோதுப்படும்.

இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 25, வியாழன்

ரத்த முடிவு வந்துவிட்டது. ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தி அரை யூனிட் இருந்தாலே போதுமாம், கருவாட்டுக்கு மூன்றே முக்கால். இம்தியாஸ், "சூப்பர் மேடம், ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸு" என்று குதித்தார். நான் நூற்றுக்கணக்கான ரிசல்ட்டைப் பார்த்தவள். இந்த ஒன்றை மட்டும் நாலு தடவை திறந்து திறந்து பார்த்தேன், எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று. இல்லை.

மே 20, திங்கள்

என் விசாவும் வந்துவிட்டது. குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதற்கான விசா என்று பெயர்.

ஜூன் 8, சனி

டிக்கெட் போட்டேன். ஜூலை 7 போக, ஜூலை 21 திரும்ப. திரும்புவதையும் சேர்த்துப் போட்டால் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பூனையை நல்லபடியாக அவர் கையில் ஒப்படைத்தால் என் கடமை முடிந்தது. லேபிலும் இரண்டு வாரம் லீவுதான் கேட்டிருக்கிறேன். கிருபாவிடம் போகிற தேதியை மட்டும் சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

கருவாட்டுக்குக் கூடைப் பயிற்சி. கூடைக்குள் என் பழைய நைட்டியைப் போட்டு வைத்தால் தானே போய்ப் படுத்துக்கொள்கிறது. கதவை மூடினால் மட்டும் ஊரைக் கூட்டுகிறது. திறந்து வைத்தால் வெளியே வருவதும் இல்லை. என்ன பிறவியோ.

ஜூன் 30, ஞாயிறு

மத்தியானம் இம்தியாஸ் கடைசிப் படிவத்தை அனுப்பினார். உரிமையாளரின் உறுதிமொழி. வெள்ளிக்கிழமை சென்னையில் அரசு மருத்துவர் முன்னால் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தேன். இந்தப் பூனை விற்பனைக்காகவோ, உரிமையை வேறொருவருக்கு மாற்றித் தருவதற்காகவோ கொண்டு செல்லப்படவில்லை என்று கீழே கையெழுத்திடும் நான் உறுதி கூறுகிறேன்.

"இம்தியாஸ், இது அவரோட பூனைன்னு போட முடியாதா?"

"சிப்பு உங்க பேர்ல இருக்கு மேடம். நீங்கதான் ஓனர். ஏன், சாரும் நீங்களும் ஒரே வீட்லதான இருக்கப் போறீங்க? கண்ண மூடிட்டுப் போடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு போட என்னால் முடியாது. ஒரு நோயாளி ரிப்போர்ட்டில்கூட நான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருவது என்பதுதான் என் திட்டம். ஆமாம், அதுதான் திட்டம். எழுதியாயிற்று.

நானே கிருபாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "என்ன, கருவாட்டுக்கு ஏதாவது..." என்று பதறினார்.

"அது நல்லா இருக்கு. நான் ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருக்கேன். இருபத்தொண்ணாம் தேதிக்கு."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆறு மாதம் ஆகும். ராகு காலமெல்லாம் சும்மா, தெரிந்தேதான் ஊசியை முதலில் போடச் சொன்னேன் என்றேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ராகு காலத்துல உங்கூட மாலை மாத்துனவன் நான். எங்கிட்டயே ராகு காலம்னு சொன்னா நம்பிடுவனா? நீ சொன்ன அன்னிக்கே தெரியும் கொடி."

"அப்ப ஏங்க கேக்கல?"

"கேட்டா, வரலைன்னு சொல்லிட்டீன்னா?"

அடப்பாவி மனுஷா. நாலு மாதமாக வயிற்றில் வைத்துக்கொண்டு கருவாட்டைக் காட்டு, கருவாட்டைக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க எப்பவும் பூனையத்தான கேட்டீங்க? என்னைய ஒரு நாளாவது..."

"பூனையக் கேட்டா நீ போன எடுப்ப. உன்னையக் கேட்டா எடுப்பியோ மாட்டியோன்னு பயம். அது உங்கால்கிட்டதான் படுத்திருக்கும், காட்டும்போது உங்காலு தெரியும். கைய நீட்டுனா கையி தெரியும்."

கருவாடு எழுந்து போய் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அவர் சொன்னார். "ஜனவரில நீ அனுப்புன மொத பேப்பர்லயே பாத்துட்டேன். பொறந்த தேதி ஆகஸ்டு பதினேழுன்னு. அன்னிக்கு ஆபீஸ்ல பாத்ரூம்ல போய் நின்னுட்டிருந்தேன்."

ஆகஸ்டு பதினேழு, போன வருஷம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்களுக்கு எழுதிக் கொடுத்த பிரசவத் தேதி. அவர் அதை மறந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். நான் அழுதேன். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம். பதினான்கு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதோம், நடுவில் ஏழாயிரம் கிலோமீட்டரை வைத்துக்கொண்டு.

"இங்க வந்தது தப்புதான்" என்றார். "அந்த வீட்ல கொக்கி மாட்டியிருந்த எடத்த என்னால பாக்க முடியல. உன்னையும் கூட்டிட்டுப் போறேன்னு அப்பவே சொல்லியிருக்கணும். இப்பக் கேக்கறேன். வர்றியா? புடிக்கலைன்னா வேணாம். கருவாடு உங்கிட்டயே இருக்கட்டும், எனக்குப் பூனை வேணாம்."

"வெள்ளிக்கிழமைதான் கையெழுத்து" என்றேன்.

"சரி. நான் கேக்க மாட்டேன்."

"கேளுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

ஸ்டூல் போட்டு ஏறி உத்தரத்தைத் துடைத்தேன். கொக்கி இருந்த இடத்தில் துளை இருக்கிறது. அவ்வளவு பெரிய துளை ஒன்றும் இல்லை. என்னாலும் அதைப் பார்க்க முடிவதில்லை, இத்தனை நாளும் தலையைக் குனிந்துகொண்டுதான் அந்த அறைக்குள் போய் வந்திருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

சென்னை. தாம்பரத்தில் அப்பாவின் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறோம். காரில் விழுப்புரம் வரை கருவாடு கத்தியது. அதற்குப் பிறகு அப்பா தொழிற்சங்கக் கதை சொல்ல ஆரம்பித்தார், பூனை தூங்கிவிட்டது.

அப்பாவிடம் ரிட்டர்ன் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். "நீ திரும்பி வந்தாலும் நம்ம வீடு இருக்கு. போய் இருந்தாலும் எனக்கு ஒண்ணும் கொறையில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா ராகு மேல பழியப் போடாத. பாவம், அவன் இல்லவே இல்ல" என்றார்.

ஜூலை 5, வெள்ளி

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர், நெற்றியில் விபூதி, நல்ல மனுஷர். கருவியைக் கருவாட்டின் கழுத்தில் வைத்து எண்ணைச் சரிபார்த்தார். ஊசித் தேதி, ரத்தத் தேதி எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"பேரு... கருவாடா?" சிரித்துவிட்டார். "பொறந்தது ஆகஸ்டு பதினேழு. சரிதானம்மா?"

"சரிதான் சார்."

உறுதிமொழித் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை எடுத்தேன். உரிமையை வேறொருவருக்கு மாற்றித் தருவதற்காக அல்ல. வரி அங்கேயேதான் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி பத்து இருபத்தஞ்சும்மா. பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். கடல் தாண்டிப் போற காரியம், சட்டுனு போட்டுடுங்க."

பேனாவை மூடிக் கீழே வைத்தேன்.

"சார், ஒரு பத்து நிமிஷம் உக்காந்துக்கட்டுமா?"

"இப்ப என்னம்மா யோசனை? நல்ல நேரம் போயிடும்."

"யோசிச்சாச்சு சார். பத்தரை தாண்டட்டும்."

அவர் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

போனை எடுத்துத் திரும்பி வரும் டிக்கெட்டை ரத்து செய்தேன். அது முடிய ஏழெட்டு நிமிஷம் ஆனது. பிறகு கையெழுத்துப் போட்டு, தேதிக்குப் பக்கத்தில் மணி 10.40 என்று எழுதினேன்.